இன்ஜினுக்குத் துருத்தி வைத்த கதை

தொப்பூர்க் கணவாயில், சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி ஏறும் பாதையின் ஓரமாகப் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். சத்தத்தை வைத்தே லாரியின் வயதைச் சொல்லிவிடலாம். பழைய வண்டி முக்கும், முனகும். கியரைக் குறைக்கும்போது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி முக்கும். புது வண்டியின் உறுமலுக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று கூடவே ஏறி வரும். ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்த விசில் கூர்மையாகும். எப்போதாவது, பெங்களூருக்குப் போகும் பெரிய வி8 கார் ஒன்று லாரி வரிசையைத் தாண்டிப் பறக்கும். அதன் பானெட்டுக்குள் சூப்பர்சார்ஜர் இருந்தால் அதுவும் தன் பங்குக்கு ஊளையிடும்.

விசிலும் ஊளையும் ஒரே குடும்பத்துக் குரல்கள். அந்தக் குடும்பத்தின் மூதாதை பிறந்தது காரிலும் அல்ல, லாரியிலும் அல்ல, உலைக்களத்தில்.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் இது புதுச் செய்தி அல்ல. கஞ்சமலை இரும்புக் கல்லை மண் உலையில் கரியோடு அடுக்கி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி ஊதி இரும்பாக்கிய மண் இது. அந்த இரும்பின் பெயரைக் கேட்டுத்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். கொல்லுப்பட்டறையில் வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தெரியும்: கரி சும்மா கிடந்தால் செக்கச் செவேல் என்று கிடக்கும், அவ்வளவுதான். துருத்தியை நாலு அமுக்கு அமுக்கினால் அதே கரி வெள்ளையாய்ச் சுடர்விடும். உலை பெரிதாகவில்லை, கரியும் கூடவில்லை. காற்றுதான் கூடியது.

இன்ஜினும் ஒரு உலைதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. ஃபோர்டு மஸ்டாங்கின் 5 லிட்டர் வி8 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 5 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் 15,000 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கிறோமே, 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதில் பதினைந்தை ஒரே நிமிடத்தில் உறிஞ்சிக் காலி செய்கிற மாதிரி. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். காற்று போதாவிட்டால் கரும்புகைதான் மிஞ்சும்.

ஆகவே சக்தி கூட வேண்டுமென்றால் மூன்றே வழி. இன்ஜினைப் பெரிதாக்கலாம். வேகமாகச் சுற்ற வைக்கலாம். அல்லது கொல்லன் செய்ததைச் செய்யலாம்.

அந்த மூன்றாம் வழிக்கான கருவி, பெட்ரோல் இன்ஜினுக்கு முன்பே தயாராக இருந்தது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்று அண்ணன் தம்பி இருவர் கம்பளி ஆலை நடத்தினார்கள். ஆலையின் தண்ணீர்ச் சக்கரத்தை மேம்படுத்தப் போய், காற்று ஊதும் இயந்திரம் ஒன்றில் வந்து நின்றார்கள். 1860இல் காப்புரிமை வாங்கினார்கள். ஒரு பெட்டிக்குள் எட்டு வடிவத்தில் இரண்டு உருளைகள். கரும்புச் சாறு மெஷினில் இருப்பதுபோல எதிரெதிராகச் சுற்றும். ஆனால் ஒன்றை ஒன்று தொடாது. ஒரு பக்கம் காற்றை அள்ளி மறுபக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். வார்ப்பட ஆலைகளின் உலைக்கும் சுரங்கங்களின் காற்றோட்டத்துக்கும் அது போனது. தோல் துருத்திக்கு வந்த இரும்பு வாரிசு.

அதற்குப் பிறகுதான் பெட்ரோல் இன்ஜின் தலையெடுத்தது. எடுத்த கையோடு காட்லீப் டெய்ம்லர் 1885இலேயே இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்படித் திணிக்கும் கருவிதான் சூப்பர்சார்ஜர். விற்பனைக்கு வர நாளானது. 1921 பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களைக் காட்டியது. 1923இல் மோன்சாவில் நடந்த இத்தாலியக் கிராண்ட் பிரீயை சூப்பர்சார்ஜர் பொருத்திய ஃபியட் வென்றது. பந்தயக்காரர்களுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

சூப்பர்சார்ஜரில் ஒரு வலி உண்டு. அதைச் சுற்றுவது இன்ஜின்தான். பெல்ட் போட்டுச் சுற்ற வேண்டும். கொடுக்கிற கூலியில் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொள்ளும் மேஸ்திரி மாதிரி, கொடுக்கும் சக்தியில் ஒரு பகுதியை அதுவே தின்னும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி வேறு இடத்தில் கண் வைத்தார். இன்ஜின் வெளியே தள்ளும் சூடான புகையில் இவ்வளவு வேகம் இருக்கிறதே, அதைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன? அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே இன்னொரு சக்கரத்தை மாட்டி, அதைக் காற்றை அமுக்க விட்டால்? சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கிற சிக்கனம். 1905இல் காப்புரிமை. புது லாரியில் விசிலடிக்கும் டர்போசார்ஜர் பிறந்தது. கைகூட இருபது வருடம் ஆனது. 1925 வாக்கில் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் பொருத்தியபோது 1,750 குதிரைத்திறன் இன்ஜின்கள் 2,500 கொடுத்தன.

இடையில் அமெரிக்காவில் ஒரு மலையேற்றம் நடந்தது. உயரத்தில் காற்று மெலிந்து போவதால் விமான இன்ஜின் மூச்சுத் திணறுகிறது. டர்போ அதைச் சரிசெய்யுமா என்று பார்க்க வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ் 1918இல் ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, 14,109 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் உச்சியில் 230 அளவுக்குச் சுருங்கியது. டர்போவை மாட்டியதும் 356. மலை பறித்த மூச்சை அது திருப்பிக் கொடுத்து, மேலும் ஆறு சேர்த்துக் கொடுத்தது. ஒரு லாரி மலையேறித்தான் டர்போ தன்னை நிரூபித்தது என்பதைத் தொப்பூரில் நின்றுகொண்டு சொல்வதில் தனி ருசி.

பெரிய வி8 இன்ஜின் வைத்த அமெரிக்க மசில் காருக்கு சூப்பர்சார்ஜர் வந்ததும் லாரி வழியாகத்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் 71 வரிசை என்ற டூ ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்களைக் கொண்டுவந்தது. பஸ், லாரி, படகு எல்லாவற்றிலும் அது ஓடியது. டூ ஸ்ட்ரோக் டீசலுக்குத் தானாக மூச்சிழுக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு இன்ஜினிலும் ஒரு ரூட்ஸ் ஊதி கட்டாயம். ஆறு சிலிண்டர் வகைக்கு, சிலிண்டருக்கு 71 கன அங்குலம் என்பதால், 6-71 என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கலிஃபோர்னியாப் பையன்கள் காயலான் கடையில் கிடந்த இந்த ஊதிகளைக் கழற்றிவந்து தங்கள் வி8 கார்களின் தலையில் உட்கார வைத்தார்கள். பானெட்டைத் துளைத்துக்கொண்டு மேலே நீட்டி நிற்கும் அந்த ஊதி இன்றும் படங்களில், பொம்மைக் கார்களில் வீரத்தின் அடையாளம். அதன் பூர்விகம் பஸ் டிப்போ.

நம் ஊர்க் கதை லாரியின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. டாடா லாரியில் நான்கு இலக்க எண் இருக்கும். முன் இரண்டு, சுமையோடு சேர்த்து வண்டியின் எடை, டன்னில். பின் இரண்டைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறையக் குதிரைத்திறன். 1210 என்றால் 12 டன், சுமார் 100. பிறகு 1613 வந்தது. பிறகு 2518: 25 டன், சுமார் 180. இன்ஜின் இரு மடங்கு பெருத்துவிட்டதா என்றால் இல்லை. இரண்டுமே 6 லிட்டருக்குள்தான். நடுவில் நடந்தது காற்றைத் திணித்ததும், திணித்த காற்றை இன்டர்கூலரில் குளிர வைத்ததும். 1993இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனத்தின் 5.9 லிட்டர் இன்ஜின் இதில் பெரும்பங்கு வகித்தது. 2000க்குப் பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, டர்போ இல்லாத லாரி காட்சிப் பொருளானது. தமிழ்நாட்டிலேயே டர்போ செய்யும் டர்போ எனர்ஜி நிறுவனம் 1982இல் தொடங்கியது. டிவிஎஸ் குடும்பத்தின் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபைனான்ஸும் அதன் பின்னே இருந்தன.

டிவிஎஸ் என்றதும் ஒன்று. 2020ஆம் ஆண்டு மஸ்டாங் ஷெல்பி ஜிடி500 காரில் 5.2 லிட்டர் இன்ஜின் மேல் இருக்கும் சூப்பர்சார்ஜரின் பெயர் ஈட்டன் டிவிஎஸ். மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அது இரட்டைச் சுழல் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். ஆனால் உள்ளே சுற்றுவது ரூட்ஸ் சகோதரர்களின் உருளைகளுக்குக் கொள்ளுப் பேரப்பிள்ளைகள். அவை திணிக்கும் காற்றால் 760 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் இல்லாத அதே ஆண்டின் 5 லிட்டர் மஸ்டாங் ஜிடி தந்தது 460.

எதிர்முகாமில் 2015ஆம் ஆண்டு டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட், 6.2 லிட்டர், 707 குதிரைத்திறன். இதில் இருப்பது ரூட்ஸ் வகை அல்ல. இரட்டைத் திருகு வகை. ஒன்றோடொன்று பின்னிச் சுற்றும் இரண்டு திருகுகள், காற்றைக் கொண்டுபோகும் வழியிலேயே நெரித்து அமுக்கும். முழு வேகத்தில் அதைச் சுற்றவே 80 குதிரைத்திறன் போகிறது. இந்தத் திருகை நேரில் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே கிளம்பும் போர்வெல் வண்டிகள் இதே தொப்பூர் மேட்டில்தான் ஏறுகின்றன. ஆயிரம் அடிப் பள்ளத்திலிருந்து பாறைத்தூளை ஊதித் தள்ள அவற்றின் முதுகில் இருக்கும் கம்ப்ரசரும் இரட்டைத் திருகுதான். கோவை எல்ஜி நிறுவனம் அந்த வகையைச் செய்து விற்கிறது.

அப்படியானால் 2016இல் இந்தியாவுக்கு வந்த மஸ்டாங் போன்ற காரில், கம்பெனி கொடுத்த இன்ஜினின் மேல் ஒரு சூப்பர்சார்ஜரை வாங்கி மாட்டிவிடலாமா? மாட்டலாம், வெளிநாட்டில் பெட்டியோடு விற்கிறார்கள். ஆனால் துருத்தி ஊதினால் உலை தாங்க வேண்டும். இந்த இன்ஜின்கள் இயல்பிலேயே காற்றைப் பதினொரு மடங்குக்கு அமுக்குகின்றன. ஏற்கெனவே அமுக்கிய காற்றை மேலும் அமுக்கினால் சூடு ஏறி, பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும். அந்த 'டக் டக்' சத்தம்தான் பிஸ்டனைத் தின்னும் நோய். ஆகவே காற்றைக் குளிர வைக்க இன்டர்கூலர், கூடுதல் பெட்ரோலுக்குப் பெரிய இன்ஜெக்டர், உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல், எல்லாவற்றையும் ஒத்துப்போக வைக்கக் கம்ப்யூட்டர் ட்யூனிங். அதற்கும் மேலே சட்டம். பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

லாரிக்காரர்களுக்கு டர்போ பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு. அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல் சுழலும். அதன் அச்சு மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தில். மேடேறிய சூட்டோடு சாவியைத் திருகி அணைத்தால் ஆயில் நிற்கும், அச்சு நிற்காது. அதனால்தான் விவரமான ஓட்டுநர், டீக்கடை முன் வண்டியை நிறுத்தியபின் ஓரிரு நிமிடம் ஓட விட்டு அணைக்கிறார். அது டீசல் விரயம் அல்ல.

விரயம் என்றால் வேறொன்று உண்டு. அது எதிர்ப்பக்கத்தில், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பாதையில் நடக்கிறது. கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரை எத்தனை எச்சரிக்கைப் பலகை வைத்தாலும், டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் தட்டிவிட்டு இறங்கும் பழக்கம் போகவில்லை. பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு இழந்தபின், 25 டன்னை நிறுத்த முன்னால் போகும் வண்டிதான் மிஞ்சுகிறது. 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்ததைத் தமிழ்நாடே காணொளியில் பார்த்தது.

கியரில் இறங்கினால் இன்ஜின் என்ன செய்கிறது தெரியுமா? ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டீசல் நின்றுவிடுகிறது. சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜின் வெறும் காற்றை இழுத்துத் தள்ளுகிறது. எக்சாஸ்ட் பிரேக் போட்டால் புகைவழி அடைபட்டு, அடைத்த குழாயை எதிர்த்து ஊத வேண்டியதாகிறது. அதாவது இறக்கத்தில் இன்ஜினே துருத்தி. அதை அமுக்கும் சிரமம்தான் லாரியைப் பிடித்து நிறுத்துகிறது. நியூட்ரலிலோ இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் சொட்டிக்கொண்டே இருக்கும். கணக்குப் பார்க்கும் முதலாளிகளும் ஓட்டுநர் அண்ணன்களும் இதை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள்: தொப்பூர் இறக்கத்தில் கியரில் வரும் வண்டிக்குத்தான் டீசல் செலவே இல்லை.