கணக்குப் புத்தகம் யாருடையது? – 1912 டூரும் கப்பல் ஏறாத ஆறு பேரும்

1912-ல் ஆஸ்திரேலிய கிரிக்கெட் டீம் இங்கிலாந்துக்குப் போன டூரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு கைகலப்பில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். சம்பவம் அப்படி. நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், ஆனா அங்கேயே நிக்கப் போறதில்லை.

1912 பிப்ரவரி 3, சனிக்கிழமை. சிட்னியில் மார்ட்டின் பிளேஸ் என்ற தெருவில் ஒரு ஆபீஸ் அறை. அந்த சமயத்தில் இங்கிலாந்து டீம் ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து டெஸ்ட்டில் மூன்று முடிந்து, இங்கிலாந்து 2-1 என்று முன்னணியில். நாலாவது டெஸ்ட்டுக்கு டீம் எடுக்க மூன்று தேர்வாளர்கள் உட்கார்ந்தார்கள்: ஆஸ்திரேலிய கேப்டன் க்ளெம் ஹில், விக்டோரியாவின் பீட்டர் மெக்அலிஸ்டர், சிட்னியின் ஃப்ராங்க் அயர்டேல். கூடவே கிரிக்கெட் போர்டின் செயலாளர் சிட் ஸ்மித்.

ஹில்லுக்கும் மெக்அலிஸ்டருக்கும் ஏற்கெனவே தந்தியிலேயே சண்டை. சார்லி மெக்கார்ட்னியை டீமில் சேர்க்கணும் என்று ஹில் தந்தி கொடுத்தார். அவரைச் சேர்ப்பதாக இருந்தால் நீயே விலகிக்கொள் என்கிற மாதிரி பதில் வந்தது. கேப்டனைப் பார்த்து! நேரில் பேச்சு முற்றியது. தான் பார்த்ததிலேயே மோசமான கேப்டன் ஹில்தான் என்றார் மெக்அலிஸ்டர். ஹில்லின் கை நீண்டது. மேஜை, நாற்காலி எல்லாம் உருள, சுமார் 20 நிமிஷம் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள் என்று சொல்கிறார்கள். ஜன்னல் பக்கம் போன சண்டையை, ஹில்லின் கோட்டைப் பிடித்து இழுத்து ஸ்மித் நிறுத்தினாராம். ஹில் தேர்வாளர் பதவியை விட்டார். நாலாவது டெஸ்ட்டில் ஹாப்ஸும் ரோட்ஸும் முதல் விக்கெட்டுக்கு 323 ரன் எடுத்தார்கள். தொடர் 4-1 என்று இங்கிலாந்துக்குப் போனது.

அடுத்த சில வாரங்களில் ஹில்லும் இன்னும் ஐந்து பேரும் இங்கிலாந்து டூருக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விக்டர் ட்ரம்பர், வார்விக் ஆர்ம்ஸ்ட்ராங், டிபி காட்டர், ஹான்சன் கார்ட்டர், வெர்னன் ரான்ஸ்ஃபோர்ட். கிரிக்கெட் சரித்திரத்தில் இவர்களுக்குப் பேர் 'பெரிய ஆறு பேர்'.

அடிதடி நடந்தது, அதனால் ஆறு பேர் போகவில்லை என்று கதையை ரெண்டு வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அடிதடி வெறும் அறிகுறி. நோய் வேறு இடத்தில் இருக்கு, ஒரு கணக்குப் புத்தகத்தில்.

முதல் போட்டவன் முதலாளி

இதைப் புரிந்துகொள்ள 1878-க்குப் போகணும். அந்த வருஷம் இங்கிலாந்துக்குப் போன ஆஸ்திரேலிய டீமை எந்தச் சங்கமும் அனுப்பவில்லை. ஆட்டக்காரர்களே ஆளுக்கு 50 பவுண்டு முதல் போட்டு, மேனேஜர் ஒருவரோடு கப்பல் ஏறினார்கள். லாபமோ நஷ்டமோ அவர்களுடையது. லார்ட்ஸில் எம்.சி.சி. டீமை ஒரே நாளில், இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 52 ரன்னுக்குள் சுருட்டிய பிறகு கூட்டம் குவிந்தது. டூர் முடிந்தபோது போட்ட 50 பவுண்டு பல மடங்காகத் திரும்பி வந்தது.

அதுவே வழக்கமானது. அதற்குப் பிறகு பல டூர்கள் ஒரு கூட்டு வியாபாரம் மாதிரிதான் நடந்தன. ஆட்டக்காரர்கள் பங்குதாரர்கள், மேனேஜரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், கணக்கு அவரிடம் இருக்கும், கடைசியில் பங்கு பிரிப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை: இங்கிலாந்தில் இவர்களை அமெச்சூர்களாக மதித்தார்கள். சம்பளத்துக்கு ஆடிய இங்கிலாந்துக்காரர்களுக்குப் பேர் ப்ரொஃபெஷனல். ஆனா வீட்டுக்குக் கொண்டுபோன பணத்தைப் பார்த்தால் 'அமெச்சூர்' ஆஸ்திரேலியர்களுக்குத்தான் அதிகம். இங்கிலாந்து ப்ரொஃபெஷனல்களுக்கு இதில் எரிச்சல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

போர்டு வருகிறது

மாநிலச் சங்கங்களின் கேள்வியும் நியாயமானதுதான். மைதானம் பராமரிப்பது, க்ளப் கிரிக்கெட்டை நடத்துவது, பையன்களை வளர்த்துவிடுவது எல்லாம் நாங்கள். ஆஸ்திரேலியா என்ற பேரில் போய் லாபத்தைப் பிரித்துக்கொள்வது பதினாலு பேரா? 1892-ல் இதற்காக ஒரு கவுன்சில் அமைத்தார்கள். ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1900-ல் கலைந்தது.

1905-ல் இரண்டாவது முயற்சி. இந்தத் தடவை வந்தது சர்வதேச கிரிக்கெட்டுக்கான ஆஸ்திரேலியக் கட்டுப்பாட்டு வாரியம், சுருக்கமாக போர்டு. நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் சேர்ந்து ஆரம்பித்தன. இதன் பின்னால் இருந்த முக்கியமான இருவர் பில்லி மெக்எல்ஹோனும் எர்னி பீனும்.

ஆட்டக்காரர்களைச் சமாதானப்படுத்த போர்டின் விதிகளில் ஒரு ஏற்பாடு இருந்தது. டூர் மேனேஜரை ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் போர்டின் ஒப்புதலுக்கு உட்பட்டு. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. ஆட்டக்காரர்கள் வரியின் முதல் பாதியைப் படித்தார்கள். போர்டு இரண்டாம் பாதியைப் படித்தது. ஏழு வருஷம் ரெண்டு பேரும் தங்கள் பாதியே முழு வரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1909: ஒரு டூர், ரெண்டு கணக்கர்கள்

1909-ல் போர்டின் நிபந்தனைகள் பிடிக்காமல் க்ளெம் ஹில் டூருக்கே போகவில்லை. மாண்டி நோபிள் கேப்டன். ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த மேனேஜர் ஃப்ராங்க் லேவர். 1905 டூருக்கும் அவர்தான் மேனேஜர். மேனேஜர் என்றால் கணக்கு மட்டும் எழுதுகிறவர் இல்லை, ஆடவும் செய்வார். 1909-ல் தன் 39-வது வயதில் ஓல்ட் டிராஃபோர்ட் டெஸ்ட்டில் 31 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார்!

போர்டு தன் பங்குக்கு ஒரு ஆளைப் பெட்டியோடு அனுப்பியது. பொருளாளரும் துணை கேப்டனும் அவரே. யாருன்னு நினைக்கிறீங்க? பீட்டர் மெக்அலிஸ்டர்தான். ஏறக்குறைய 40 வயது, தேர்வாளர்களிலும் ஒருவர். போர்டின் கண்ணும் காதுமாக வந்திருக்கிறார் என்று டீமில் மற்றவர்கள் நினைத்தார்கள். பொருளாளர் என்ற பட்டம் மெக்அலிஸ்டருக்கு, நிஜக் கணக்குப் புத்தகம் லேவரின் கையில். ஆஸ்திரேலியா தொடரை 2-1 என்று ஜெயித்தது. மைதானத்தில் எல்லாம் சரி.

ஊர் திரும்பியதும் போர்டு லேவரிடம் புத்தகத்தைக் கேட்டது. லேவர் கொடுக்கவில்லை. நானே நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன் என்றார். போர்டுக்கு அது போதவில்லை.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு, புத்தகத்தைக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். லேவரின் பக்கத்திலிருந்து பாருங்க. 1878-லிருந்து அந்தப் புத்தகம் பங்குதாரர்களுடைய புத்தகம். அதை ஒப்படைத்தால், நாங்கள் பங்குதாரர்கள் இல்லை, போர்டு அனுப்பிய ஆட்கள் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. ரெண்டு பக்கமும் இதை உணர்ந்திருந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். சில காகிதங்களுக்காக மூன்று வருஷம் யாரும் இவ்வளவு பிடிவாதம் பிடிக்க மாட்டார்கள்.

ஆறு பேரின் பதில்

1912 டூருக்கு லேவர்தான் மேனேஜர், இல்லையென்றால் நாங்கள் இல்லை என்று ஆறு பேரும் எழுதினார்கள். கணக்குக் காட்டாத லேவரை ஏற்க முடியாது என்றது போர்டு. குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் க்ரௌச் மேனேஜர் ஆனார். ஆட்டக்காரர்களுக்கு ஆதரவாகப் பொதுக்கூட்டங்கள்கூட நடந்தன. போர்டு அசையவில்லை.

இந்த ஆறு பேர் யார் என்று தெரிந்தால்தான் இழப்பு புரியும். ஹில் அப்போது உலகத்திலேயே டெஸ்ட்டில் அதிக ரன் எடுத்தவர், 49 டெஸ்ட்டில் 3412. ட்ரம்பரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பிராட்மேனுக்கு முன்னால் ஆஸ்திரேலியா கொண்டாடிய பேர் அது. காட்டர் முதல் நிலை வேகப்பந்து வீச்சாளர். கார்ட்டர் விக்கெட் கீப்பர், குடும்பத் தொழில் இறுதிச்சடங்குகளுக்கு ஏற்பாடு செய்வது. ரான்ஸ்ஃபோர்ட் 1909-ல் லார்ட்ஸில் ஆட்டமிழக்காமல் 143 எடுத்தவர். ஆர்ம்ஸ்ட்ராங் பேட்டிங், பௌலிங் ரெண்டும்.

மழையில் நனைந்த டூர்

அந்த வருஷம் இங்கிலாந்தில் சாதாரணத் தொடர் இல்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா மூன்றும் மோதுகிற முக்கோணப் போட்டி, மொத்தம் ஒன்பது டெஸ்ட். தென் ஆப்பிரிக்கச் சுரங்க முதலாளி ஏப் பெய்லியின் யோசனை அது. ஆஸ்திரேலியாவுக்கு 42 வயது சிட் கிரிகரி கேப்டன், இங்கிலாந்துக்கு அவருடைய எட்டாவது டூர்.

மெக்கார்ட்னி, பார்ட்ஸ்லி, கெல்லவே போன்றவர்கள் இருந்ததால் டீம் ஒரேயடியாக மோசம் இல்லை. தென் ஆப்பிரிக்காவை இரண்டு முறை தோற்கடித்தது. மே 28 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் ஜிம்மி மேத்யூஸ் ஒரே நாளில் இரண்டு இன்னிங்ஸிலும் ஹாட்ரிக் எடுத்தார். அந்த டெஸ்ட்டில் அவர் எடுத்த விக்கெட்டே அந்த ஆறுதான். இரண்டு ஹாட்ரிக்கிலும் மூன்றாவதாக அவுட் ஆனது ஒரே ஆள், டாமி வார்ட். பாவம்.

ஆனால் 1912 கோடையில் இங்கிலாந்தில் மழை விடவே இல்லை. இங்கிலாந்துக்கு எதிரான முதல் இரண்டு டெஸ்ட் டிரா. ஆகஸ்ட்டில் ஓவல் மைதானத்தில் முடிவு தெரியும்வரை ஆடின டெஸ்ட்டில் ஆஸ்திரேலியா 111-க்கும் 65-க்கும் அவுட். 244 ரன்னில் தோல்வி. ஃப்ராங்க் வூலி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 49 ரன் கொடுத்து 10 விக்கெட். டூரில் பணமும் நஷ்டம். போதாததுக்கு, ஊர் திரும்பிய க்ரௌச் சில ஆட்டக்காரர்களின் நடத்தை சரியில்லை என்று போர்டுக்குப் புகார் கொடுத்தார். போர்டு கேட்ட மேனேஜர் கிடைத்தார், கணக்கும் கிடைத்தது. பிரிக்க லாபம்தான் இல்லை.

யார் பக்கம் நியாயம்?

ஆட்டக்காரர்களை முழு தியாகிகளாக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாட்டின் பேரில் வரும் வருமானம் அந்த நாட்டின் க்ளப்களுக்கும் மைதானங்களுக்கும் போகணும் என்பது தப்பான வாதம் இல்லை. அதே நேரம் போர்டில் ஆட்டக்காரர்களின் குரலுக்கு இடம் இருந்ததா என்று கேட்டால், மேனேஜரைப் பற்றிய அந்த ஒரு வரியைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. அந்த வரியையும் சண்டை வந்த முதல் வாய்ப்பிலேயே ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

இருபது வருஷமாக நான் சாஃப்ட்வேர் துறையில் இருக்கிறேன். எழுதுவது ஒருத்தர், எழுதியது வேறு ஒருத்தருக்குச் சொந்தம் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அதில் கற்றுக்கொண்ட ஒன்று: ஒப்பந்தத்தில் 'ஒப்புதலுக்கு உட்பட்டு' என்று ஒரு வால் இருந்தால், நல்ல காலத்தில் அது கண்ணிலேயே படாது. சண்டை வந்தால் அந்த வால்தான் ஒப்பந்தம். 1905-ல் ஆட்டக்காரர்கள் தோற்றுவிட்டார்கள், அது தெரிய வந்தது 1912-ல்.

பிறகு

ஹில், ட்ரம்பர், காட்டர், ரான்ஸ்ஃபோர்ட் நால்வரும் மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. 1914-ல் ஆர்தர் சிம்ஸ் என்பவர் தனிப்பட்ட முறையில் நியூசிலாந்துக்கு அழைத்துப்போன டீமில் ட்ரம்பர் ஆடினார். கான்டர்பரிக்கு எதிராக ஒன்பதாவது ஆளாக இறங்கி 293 ரன். சிம்ஸோடு எட்டாவது விக்கெட்டுக்கு அவர் சேர்த்த 433 இன்றும் முதல்தரக் கிரிக்கெட்டில் சாதனை. 1915-ல் சிறுநீரக நோயில் ட்ரம்பர் இறந்தபோது வயது 37. காட்டர் 1917 அக்டோபர் 31 அன்று பீர்ஷேபா போரில் உயிரிழந்தார். லேவர் 1919-ல் போய்விட்டார். ஆர்ம்ஸ்ட்ராங்கும் கார்ட்டரும் மட்டும் திரும்பி வந்தார்கள். 1920-21-ல் ஆர்ம்ஸ்ட்ராங் கேப்டனாக இங்கிலாந்தை 5-0 என்று தோற்கடித்தார். அப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை, டீம் போர்டுடையது.

ஆனால் கேள்வி சாகவில்லை. 1977-ல் கெர்ரி பேக்கர் தனியாகப் போட்டி நடத்தி நட்சத்திரங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனபோது, அவர்களை இழந்து நின்றது பேர் மாறிய இதே போர்டு. 2017-ல் வருமானத்தில் நிலையான பங்கு வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் நின்றார்கள். ஜூன் 30-ம் தேதி ஒப்பந்தங்கள் முடிந்து, சுமார் 230 பேர் ஒரு மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள். பங்கு அவர்களுக்குக் கிடைத்தது. 1912-ல் ஆறு பேர் தனியாக நின்றார்கள், 2017-ல் இருநூற்றுச் சொச்சம் பேர் சங்கமாக நின்றார்கள். வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன்.