ஒரு பட்டனுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு



சென்ற மாதம் ஒரு காலையில், நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் என் மோட்டார் சைக்கிள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துவிட்டு அடங்கிவிட்டது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கிக் அடிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அடிக்கலாமென்றாலும் என் வண்டியில் கிக்கர் கிடையாது. வந்து பார்த்த மெக்கானிக், “செல்ஃப் மோட்டார் போச்சு சார், புதுசு போட்டா 4,500 ஆகும்” என்றார். நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, இந்த செல்ஃப் ஸ்டார்ட் எங்கிருந்து வந்தது என்று படிக்க உட்கார்ந்தேன். அதன் சரித்திரத்திலேயே என் வண்டிக்கும் வழி கிடைத்தது.

அந்தக் காலத்தில் கார் என்றால் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் சில சமயம் எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டு, தாடை எலும்பெல்லாம் உடைந்திருக்கின்றன. 1908ல் பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர், வழியில் நின்ற ஒரு பெண்மணியின் காரைச் சுற்றிக் கொடுக்கப் போய் அடிபட்டு, பிறகு இறந்துபோனார் என்றொரு கதை சொல்லப்படுகிறது. அதைக் கேட்டு வருந்திய கேடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்ட், இந்தக் கைப்பிடியை ஒழித்தே தீருவது என்று முடிவெடுத்தாராம்.

அந்த வேலை சார்லஸ் கெட்டரிங் என்பவரிடம் வந்தது. அவர் அதற்கு முன் வேலை பார்த்தது டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில்! கையால் இயக்கிய கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் இயங்க வைத்தவர் அவர். வாழ்நாள் முழுக்க கவுண்டரில் பணம் எண்ணிய எனக்கு இதைப் படித்ததில் தனி மகிழ்ச்சி.

இன்ஜினைச் சுற்ற வேண்டுமானால் மோட்டாரும் இன்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓடுவதில்லை. ஒரு நொடி பலமாக இழுத்துவிட்டு ஓய்வெடுக்கும். காருக்கும் அதுவே போதும் என்று கெட்டரிங் நினைத்தார். சிறிய மோட்டாருக்குச் சில நொடிகள் மட்டும் மிக அதிகமான மின்சாரம் கொடுத்தால், அது சூடாவதற்குள் இன்ஜின் பற்றிக்கொள்ளும். 1911 பிப்ரவரியில் காரில் பொருத்திக் காட்டினார். 1912ம் வருட மாடல் கேடிலாக் கார்கள் அதனுடன் விற்பனைக்கு வந்தன.

இருசக்கர வண்டிக்கு அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. 1914ல் அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி (பெயர்தான் இந்தியன்!) ஹெண்டி ஸ்பெஷல் என்ற மோட்டார் சைக்கிளில் மின்சார ஸ்டார்ட்டர் வைத்தது. அன்றைய பேட்டரியால் தாங்க முடியவில்லை. அந்த மாடலே நின்றுபோனது. பல வருடம் கழித்து, 1960 வாக்கில் ஜப்பானின் ஹோண்டா சிறிய வண்டிகளிலும் பட்டன் வைத்தது. ஹார்லியின் பெரிய வண்டிக்கு 1965ல் வந்தது. ‘எலெக்ட்ரா கிளைட்’ என்ற பெயரே அதனால்தான். நம் ஊரில் 1980களின் கைனடிக் ஹோண்டாவில்தான் பலரும் முதலில் பட்டனை அமுக்கிப் பார்த்தோம். 1955லிருந்து சென்னையில் தயாரான புல்லட்டுக்கோ, ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷர் நெம்பை இழுத்து உதைப்பதே ஒரு வித்தையாக இருந்தது.

இனி என் வண்டிக்கு வருகிறேன். ஹெட்லைட் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட்டரோ 50 ஆம்பியருக்கு மேலும் கேட்கும். விளக்கு பளிச்சென்று எரிவதால் ஸ்டார்ட்டருக்குப் போகும் வழி சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில்லறை கொடுக்க முடிகிற கவுண்டரில் பெரிய செக் பாஸாகும் என்று சொல்ல முடியுமா?

சி பிளாக்கில் இருக்கும் தம்பி மல்டிமீட்டருடன் வந்தார். “அங்கிள், மாத்துறதுக்கு முன்னாடி ஒருதடவை அளந்து பார்த்துடலாம்” என்றார். நியூட்ரலில் வைத்துப் பார்த்த வரிசை இது:

முதலில் பேட்டரி. சும்மா இருக்கையில் 12.5 வோல்ட். பட்டனை அமுக்கும்போது 9, 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று பொருள். எனக்கு 11.8க்குக் கீழே இறங்கவில்லை. பணம் இருக்கிறது, பட்டுவாடா ஆகவில்லை!

அடுத்து ரிலே. ‘டிக்’ சத்தம் அங்கிருந்து வருவது. பட்டனை அமுக்கியபடி அதன் இரண்டு தடித்த முனைகளுக்கு நடுவே அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும், வந்தது. ரிலே சரி.

மூன்றாவது எர்த். பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே, அமுக்கும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 7 வோல்ட் காட்டியது! எர்த் கேபிளின் போல்ட் தளர்ந்து, பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினோம். ஒரே அமுக்கில் வண்டி கிளம்பியது. 4,500 ரூபாய் என் கணக்கிலேயே நின்றது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பெரும்பாலும் கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருக்கும். அது சிறிய செலவு.

நம் பேஸ்மென்ட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகள் பல. வாரம் ஒருமுறை இருபது நிமிடம் வெளியே ஓட்டி வாருங்கள். நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் உறுமவிட்டால் ஸ்டார்ட்டர் எடுத்தது திரும்ப வரவு ஆகாது. அடைத்த இடத்தில் புகையும் ஆபத்து. பட்டனை ஐந்து நொடிக்கு மேல் அமுக்காதீர்கள். ஒரு நொடி வேலை, பிறகு ஓய்வு என்றுதான் கெட்டரிங் அதைச் செய்து வைத்தார்.