தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரிகள்: தோற்றமும் கூட்டு முயற்சியும்

பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் வேலையில்லாத பெரியவர்களுக்கும் குறைந்த செலவில், குறுகிய காலத்தில் ஒரு தொழிலைக் கற்றுத்தந்து, அந்தந்த வட்டாரத்திலேயே வேலைக்கு வழிகாட்டும் நோக்கில் உருவானவை சமுதாயக் கல்லூரிகள். இவற்றின் முன்மாதிரி அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கப்பட்ட கல்லூரி. அங்கே இவை பல்கலைக்கழகத்துக்கு ஏறும் முதல் படியாகவும் வளர்ந்தன. இந்தியாவில் பல்கலைக்கழகத்தின் வாசலையே எட்டாதவர்களைத் தேடிச் சென்றதுதான் இவற்றின் தனித்தன்மை. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரியை நிறுவியது. மறு ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியில் சென்னையில் ஒரு கல்லூரி தோன்றியது.

தொடக்ககாலக் கல்லூரிகள் பெரும்பாலும் சிறியவை. தொண்டு நிறுவனங்களும் மறைமாவட்டங்களும் நடத்தியவை. தனித்தனியாகப் பாடத்திட்டம் எழுதவோ, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவோ, சான்றிதழுக்கு மதிப்புத் தேடவோ அவற்றால் முடியாது. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்சின் தலைமையில் 1990களின் இறுதியில் சென்னையில் உருவான சமுதாயக் கல்வி ஆய்வு, வளர்ச்சி மையம் இந்தக் குறையைத் தீர்த்தது. பின்னாளில் இந்திய அளவிலான மையமாக வளர்ந்த அது, கல்லூரிகளை ஒன்றோடொன்று இணைத்தது. ஓரிடத்தில் சோதித்துப் பார்த்த பாடத்திட்டம் இன்னோர் இடத்துக்குப் போயிற்று. ஆசிரியர்களும் ஒன்றாகப் பயிற்சி பெற்றார்கள்.

எந்தப் படிப்பைத் தொடங்குவது என்பதை அந்த வட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது என்று கணக்கெடுத்த பிறகே முடிவு செய்தார்கள். தொழில்திறனோடு வாழ்க்கைத் திறன்களும் பாடமாயின. அதைவிடப் புதுமையானது மதிப்பீட்டு முறை. செவிலியர் உதவியாளர் படிப்பை எடுத்துக்கொண்டால், மருத்துவமனையில் உள்ளகப் பயிற்சி பெறும் பெண் படுக்கை விரிப்பை மாற்றுவதையும் காய்ச்சல் அளவைக் குறித்துவைப்பதையும் அங்குள்ள மேற்பார்வையாளர் கவனிப்பார். அவரும், வாழ்க்கைத் திறன் ஆசிரியரும், தொழில்திறன் பயிற்சியாளரும், அந்த மாணவியும் சேர்ந்தே அவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று முடிவு செய்வார்கள். பள்ளித் தேர்வில் தோற்று ஒதுங்கியவருக்குத் தன் திறனைத் தானே எடைபோடும் உரிமையைக் கொடுத்தது இம்முறையின் பெரிய சாதனை.

அங்கீகாரம் மெல்லத்தான் வந்தது. 2002இல் சட்டம் இயற்றி நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அடுத்த சில ஆண்டுகளில் இக்கல்லூரிகளை ஏற்றுத் தொழிற்கல்விப் பட்டயம் வழங்கியது. 2009இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்து, சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு, பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நிதியுதவியோடு புதிய திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் அறிவிக்கப்பட்டது. பணமும் தரநிலையும் கிடைத்தன. ஆனால் புதிய திட்டம் ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளுக்குள் அமைந்தது. வயது வரம்பு இல்லாவிட்டாலும் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றானது. யாருக்காக இந்த இயக்கம் தோன்றியதோ அவர்களில் பலரை அந்த ஒரு விதியே வெளியே நிறுத்தியது.

சேர்வராயன் மலை போன்ற இடங்களில் இதன் பாதிப்பு தெளிவாகத் தெரியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் மாதங்களில்தான் வேலை மும்முரம். மற்ற மாதங்களில் கூலி நிச்சயமில்லை. ஆலை வேலைக்கும் பெரிய கல்லூரிக்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்துக்கும் சேலத்துக்கும் இறங்கியாக வேண்டும். மேல்நிலைப் படிப்பை முடிக்காத தோட்டத் தொழிலாளிக்குப் பறிப்புக் காலத்தை விட்டுவிட்டு, மலைமேலேயே நடக்கும் வகுப்புத்தான் பொருந்தும். காப்பிக்கொட்டை பதப்படுத்துதல், மிளகு உலர்த்துதல், கோடையில் நிரம்பும் தங்கும் விடுதிகளின் பணிகள், வாகனப் பழுதுபார்ப்பு என அங்கேயே வேலைக்கு உதவும் படிப்புகளுக்கு இடமுண்டு. வட்டாரத் தேவையைக் கணக்கெடுத்து, வேலை தருபவரையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டு, நுழைவுத் தகுதியைத் தளர்த்திவைத்த 1990களின் முறைக்கு இந்த வகுப்பை நடத்தும் வசதி இருந்தது. 2013ஆம் ஆண்டின் விதிகளில் அதற்கு இடமில்லை.