தீவன மூட்டையில் தைத்த கவுன்: 1930-களின் பெருமந்தம் அமெரிக்க சினிமாவையும் பெண்களின் உடையையும் மாற்றியது எப்படி?

பெரிய பெரிய நாணயங்களை உடையாக மாட்டிக்கொண்ட பெண்கள், கையில் பணம் புரள்வதாகப் பாடி ஆடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் ஷெரிஃபின் ஆட்கள் உள்ளே நுழைந்து, கடன் பாக்கிக்காக உடைகள், செட் என எல்லாவற்றையும் அள்ளுகிறார்கள். 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' படத்தின் தொடக்கக் காட்சி இது. படம் வந்த ஆண்டில் அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

சரி, சாப்பாட்டுக்கே வழியில்லாதப்போ யார் சினிமா பார்த்தாங்க?

மந்தத்திலும் ஹாலிவுட் செழித்தது என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். 1929 பங்குச்சந்தை சரிவுக்குப் பின் சில ஆண்டுகளில் தியேட்டர் கூட்டம் குறைந்தது. 1933-ல் பாரமவுண்ட் நிறுவனமே திவாலானது. கூட்டத்தைத் திரும்ப இழுக்க ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டினார்கள். இதைவிட 'டிஷ் நைட்' செம ஐடியா. குறிப்பிட்ட நாளில் படம் பார்க்க வரும் பெண்களுக்கு ஒரு பீங்கான் தட்டோ கோப்பையோ இலவசம். இந்த வாரம் தட்டு, அடுத்த வாரம் கிண்ணம். செட் முழுசா சேரணும்னா வாராவாரம் வந்தே ஆகணும்!

திரையில் பார்த்த உடை மேல் ஆசையும் வந்தது. 'லெட்டி லின்டன்' (1932) படத்தில் ஜோன் கிராஃபோர்டுக்காக அட்ரியன் வடிவமைத்த, தோளில் பெரிய ஃப்ரில் வைத்த வெள்ளை கவுனின் மலிவு நகல்கள் கடைகளுக்கு வந்தன.

பொருளாதாரம் இறங்கினால் பாவாடையின் நீளமும் இறங்கும் என்று ஒரு பிரபலமான கதை உண்டு. ஆனால் பாரிஸ் வடிவமைப்பாளர் ழான் பத்தூ நீள உடைகளைக் கொண்டுவந்தது 1929-ல், சரிவுக்கு முன்பே. புதுசு வாங்க முடியாதவர்கள் பழைய குட்டை கவுனின் கீழே துணிப்பட்டை வைத்துத் தைத்து நீளமாக்கிக்கொண்டார்கள்.

கிராமங்களில் அதற்கும் வழியில்லை. அங்கே கைகொடுத்தது மாவும் கோழித் தீவனமும் வந்த பருத்தி மூட்டை. பிரித்து, துவைத்து, கவுனாகத் தைத்தார்கள். ஒரு கவுனுக்குச் சுமார் மூன்று மூட்டை தேவை. இதைக் கவனித்த கம்பெனிகள் மூட்டையிலேயே பூ டிசைன் அச்சிட்டன, பெயரைத் துவைத்தால் போகும் மையில் போட்டன. தீவனம் வாங்கப் போகும் கணவரிடம், 'போன தடவை வாங்கின அதே டிசைன்' என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கவுன் பாதியில் நிற்கும். போரிலும் தொடர்ந்த இந்தப் பழக்கம், காகிதப் பைகள் வந்த பிறகே மறைந்தது.