புதுக் கணினியில் இணையம் வரவில்லையா? ரீசெட் செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகளின் படிப்புக்காகவோ, வளைகுடாவில் இருக்கும் வாப்பாவுடன் முகம் பார்த்துப் பேசுவதற்காகவோ வீட்டில் புதுக் கணினி வாங்குகிறோம். கைபேசிகளில் இணையம் வருகிறது. புதியதில் மட்டும் வரவில்லை. உடனே பலர் ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்துவிடுகிறார்கள். அதனால் இணைப்பு நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துபோகலாம். ஒரு கணினியின் கோளாறு வீடு முழுவதற்கும் வந்து சேரும். எனவே, பழுது எங்கே என்று முதலில் கண்டறியுங்கள்.

1. கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் குறை கணினியில் இல்லை. ரவுட்டரின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டியதுதான்.

2. கணினியில் வைஃபை பெயரே தெரியவில்லையா? பல மேசைக் கணினிகளில் வைஃபை வசதி இருக்காது. ரவுட்டரிலிருந்து கேபிள் போடலாம். அல்லது யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கலாம். விலை குறைந்த அடாப்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றில் தெரியாது. டிரைவர் மென்பொருளைத் தரவிறக்க இணையம் தேவைப்பட்டால், கைபேசியைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள்.

3. இணைந்தும் இணையம் இல்லையா? விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். ஐபி அமைப்பைத் தானியங்கி முறைக்கு மாற்றி, வைஃபை பெயரை நீக்கிவிட்டு மீண்டும் இணையுங்கள். அலுவலகத்தில் பயன்பட்ட பழைய கணினியை வாங்கியவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அங்கே கையால் இட்ட முகவரி அப்படியே இருக்கக்கூடும்.

4. முகவரி 192.168 என்று தொடங்கியும் தளங்கள் திறக்கவில்லையா? தேதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். அவை தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது. விபிஎன், பிராக்ஸி இருந்தால் அணையுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

5. இணையம் வருகிறது, வீட்டிலுள்ள மற்றக் கணினியின் கோப்புகள் மட்டும் தெரியவில்லையா? இரண்டிலும் நெட்வொர்க் வகையைப் 'பிரைவேட்' என மாற்றிப் பகிர்வு வசதியை இயக்குங்கள். அதற்காக ஃபயர்வாலை அணைக்க வேண்டியதில்லை.

எப்படியாவது இணைந்தால் போதும் என்று வைஃபை கடவுச்சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. அதில் அடுத்தவர் செய்யும் காரியத்துக்கும் விசாரணை உங்களிடம்தான் முதலில் வரும்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், எந்த விளக்கு எரிகிறது, முகவரி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு பழுது பார்ப்பவரை அழையுங்கள். ஆண்கள் வெளியூரில் இருக்கும் வீடுகளில், பெண்கள் இந்த இரண்டையும் தொலைபேசியில் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.