ஏலத்திற்கு வந்த காடும் மாணவர்களும்

மாணவர்களுக்கு 'விழிப்புணர்வு' ஊட்டிவிட்டால் இயற்கையைக் காக்க வந்துவிடுவார்கள் என்பது நம் கல்வித்துறையின் பழைய நம்பிக்கை. 1991இல் உச்சநீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சியாகச் சுற்றுச்சூழல் கல்வி பட்டப்படிப்புகளில் கட்டாயமாயிற்று. நானும் அந்தத் தாளை எழுதி பாஸானவன்தான். ஓசோன் படலத்துக்கு அஞ்சு மார்க், மழைநீருக்குப் பத்து மார்க், அதோட சரி. இப்படியொரு தாளே இல்லாத காலத்தில் மாணவர்கள் காட்டுக்காகத் தெருவில் இறங்கியது எதனால்? எழுபதுகளின் குமாவோன், கர்வால் மலைகளைப் பார்ப்போம்.

அங்கே மாணவர்கள் முதலில் கேட்டது பல்கலைக்கழகம். மலையில் மேற்படிப்பு இல்லை, வேலை இல்லை. ஆண்கள் சமவெளிக்கு இறங்கி மணியார்டர் அனுப்ப, பெண்கள் வயலையும் காட்டையும் சுமந்தார்கள். 1973இல் இரண்டு பல்கலைக்கழகங்கள் கிடைத்தன. சிப்கோ தொடங்கியதும் அதே ஆண்டுதான். உழவுக்கருவி செய்ய மரம் கேட்ட உள்ளூர்ச் சங்கத்துக்குக் கையை விரித்த வனத்துறை, விளையாட்டுச் சாமான் கம்பெனிக்கு அதே மரத்தை ஒதுக்கியது. 1974 மார்ச்சில் ரேணி கிராமப் பெண்கள் வெட்ட வந்தவர்களைத் திருப்பியனுப்பினார்கள். இரண்டு மாதத்தில், மே 25 அன்று, சுந்தர்லால் பகுகுணாவின் தூண்டுதலில் சேகர் பதக், ஷம்ஷேர் சிங் பிஷ்ட், குன்வர் பிரசூன், பிரதாப் சிகர் முதலிய இளைஞர்கள் கிழக்கே அஸ்கோட்டிலிருந்து மேற்கே ஆராகோட் வரை நடக்கத் தொடங்கினார்கள். ஊர் ஊராகத் தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு, ஒன்றரை மாதம்.

வகுப்பறை தராத எதை இந்த நடை தந்தது? காட்டையும் வேலையின்மையையும் ஒரே கேள்வியாகப் பார்க்கிற கண்ணை, என்று நினைக்கிறேன். 1977 நவம்பரில் நைனிடாலில் காடுகளை ஏலம் விட வனத்துறை வந்தபோது மாணவர்கள் மறித்தார்கள், கைதுகள் நடந்தன, நைனிடால் கிளப் தீக்கிரையானது. ஏலம் நடந்த ஊர் பல்கலைக்கழக ஊர் என்பதைச் சும்மா தாண்டிப் போக முடியாது. எங்கோ தூரத்து மலையிலிருந்த காடு, ரூபாய்க் கணக்காக அவர்கள் தெருவுக்கே வந்து நின்றது.

இதையெல்லாம் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. 1994இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு இடஒதுக்கீடு மலை மாவட்டங்களுக்கும் வந்தபோது எதிர்த்துக் கிளம்பியதும் இதே வளாகங்கள்தான். மலையில் பிற்படுத்தப்பட்டோர் மிகக் குறைவு, இடங்கள் வெளியாருக்குப் போய்விடும் என்றார்கள். அந்தக் கொந்தளிப்பே தனி மாநிலப் போராட்டமாகி, 2000இல் மாநிலமும் வந்தது. 'நம்ம காடு' என்ற சொல்லாடலுக்குள் இருக்கும் 'நம்ம' யார், அதன் சாதி என்ன? சிப்கோவை மேடைதோறும் எடுத்துக்காட்டும் நம் தோழர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதேயில்லை. அஸ்கோட் நடை மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை தொடர்கிறது, 2024இலும் நடந்தார்கள்.