பழைய முகமும் புதிய மூச்சும்

பழைய ஊர்தியைப் புதுப்பிப்பதென்றால் சாயம் பூசிப் பளபளப்பாக்குவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஓட்டத்தைச் சீராக்கி, காலம் பதித்த தோற்றத்தை விட்டுவைப்பதே செம்மையான முறை. சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காவிரிச் சமவெளியின் வாயிலிலேயே திருச்சி பொன்மலை இருக்கிறது.

உதகை மலையேறும் பல்சக்கர நீராவி எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவை. மூத்தவை 1914-ஐ ஒட்டியவை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பொன்மலைப் பணிமனையினர் அவற்றுட் சிலவற்றை நிலக்கரியிலிருந்து உலை எண்ணெய்க்கு மாற்றினர். பின்னர் அதே சாயலில் புதிய எஞ்சின்களையும் உருவாக்கினர். எரிபொருள் மாறிற்று, உருவம் பழையதே.

இக்கைத்திறனின் வேர் நம் நாகப்பட்டினத்தில் உள்ளது. 1861-இல் தஞ்சைக்கு இருப்புப்பாதை கண்ட அத்துறைமுகத்தில்தான் முன்பு பணிமனை இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அது பொன்மலைக்குப் பெயர்ந்தது. திறன் தேர்வு என்ற பெயரில் வந்த ஆட்குறைப்பை எதிர்த்து 1928-இல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் சிறை சென்றார்.

இரும்பு தானே நிலைப்பதன்று. அறிந்த கைகளே அதைக் காக்கின்றன. பழமையைப் போற்றும் நாம், பிழைப்பிழந்த அந்தக் கைகளை மறக்கலாகாது.